சுளுக்கு என்று நீவி விடலாமா?
நாட்டியம் பயிலும் பிள்ளைகளின் கணுக்கால் முறிவும் பெற்றோர் கடமையும்

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் மாலை வேளையில் சில கட்டடங்களின் மாடிப்படி ஏறினால், தட்டுக்கழியின் ஓசை காதில் விழும். பள்ளிக்கூடம் விட்டு வந்த சிறுமிகள் தாவணியை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டு தட்டடவு போட்டுக்கொண்டிருப்பார்கள். வாசலில் தாய்மார்கள் காத்திருப்பார்கள். ஆறரை மணி லோக்கலில் இறங்கி வரும் தகப்பனாரும் அவர்களோடு சேர்ந்து கொள்வார்.

மகளுக்கு நாட்டியம் சொல்லிக் கொடுப்பது மும்பைத் தமிழனுக்கு ஆடம்பரம் அல்ல. ஊரை விட்டு வந்தவன் ஊரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வழிகளில் அதுவும் ஒன்று. 1945-ல் மாட்டுங்காவில் ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர் தொடங்கப்பட்டபோது, திருவிடைமருதூர்ப் பாணி இந்த நகரத்துக்குக் குடிவந்தது. அதன் பிறகு எத்தனையோ பள்ளிகள், எத்தனையோ அரங்கேற்றங்கள். மாதச் சம்பளக்காரர் ஆபீஸ் சொசைட்டியில் கடன் வாங்கியும், சீட்டை முன்கூட்டியே எடுத்தும் மகளின் அரங்கேற்றத்தை நடத்துகிறார். இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஆடிக்கொண்டிருக்கும் சிறுமியின் கால் ஒருநாள் பிசகி விடுகிறது. கணுக்கால் வீங்குகிறது. குழந்தை அழுகிறது. அந்த நிமிடமே தீர்ப்பும் வந்து விடுகிறது: “சுளுக்குத்தான், ஒன்றும் இல்லை!” தீர்ப்புச் சொல்பவர் பக்கத்து வீட்டுப் பாட்டியாக இருக்கலாம், டீச்சராக இருக்கலாம், பெற்ற தாயாகவும் இருக்கலாம். டாக்டராக மட்டும் இருக்க மாட்டார்! எண்ணெயைச் சூடாக்கி ஒருவர் நீவி விடுகிறார். புளியும் உப்பும் மஞ்சளும் கொதிக்க வைத்துப் பற்றுப் போடுகிறார்கள். நாலு நாள் கழித்து, வீக்கம் சற்று வடிந்ததும், காலில் ஒரு பட்டியைச் சுற்றி வகுப்புக்கு அனுப்பி விடுகிறார்கள். ஹாலுக்குப் பணம் கட்டியாயிற்று, பத்திரிகை அச்சடித்தாயிற்று என்றால் நாலு நாள்கூட இல்லை.

பெரியவர்களுக்குக் கால் பிசகினால் பெரும்பாலும் சுளுக்காகவே இருக்கும். எலும்புகளைச் சேர்த்துக் கட்டியிருக்கும் தசைநார் சற்றே கிழிந்திருக்கும். ஓய்வு கொடுத்தால் கூடிவிடும். பிள்ளைகளின் உடம்பு அப்படிப்பட்டது அல்ல. வளரும் பிள்ளையின் நீண்ட எலும்புகளின் நுனிக்கு அருகே குருத்தெலும்பினால் ஆன மெல்லிய தட்டு ஒன்று இருக்கிறது. எலும்பு நீள்வது அந்தத் தட்டிலிருந்துதான். கணுக்காலில் இது மூடிக் கெட்டியாக, பெண் பிள்ளைகளுக்குப் பதினான்கு, பதினைந்து வயதும், பையன்களுக்குப் பதினாறு, பதினேழு வயதும் ஆகிவிடும். அதுவரை தசைநாரைவிட இந்தத் தட்டுதான் பலவீனமானது. ஆகவே பெரியவர்களுக்கு நார் கிழியும் இடத்தில், பிள்ளைகளுக்கு எலும்பே பிளக்கலாம்.

அரங்கேற்ற வயது எது என்று எண்ணிப் பாருங்கள். பத்திலிருந்து பதினைந்து! தட்டு இன்னும் மூடாத அதே வயது.

இந்த முறிவுகளை வகை பிரித்துச் சொன்னவர்கள் கனடா நாட்டின் டொரோண்டோ நகர டாக்டர்கள் சால்ட்டரும் ஹாரிஸும். 1963-ல் அவர்கள் வகுத்த ஐந்து வகைகளைத்தான் உலகம் முழுவதும் எலும்பு டாக்டர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். முதல் வகை, எக்ஸ்ரேயில் தெரியாமலே போகக்கூடியது. மூன்றாவது, நான்காவது வகைகள் மூட்டுக்குள்ளேயே ஓடுபவை. கவனிக்காமல் விட்டால் கால் கோணலாக வளரலாம், மூட்டு சீக்கிரம் தேயலாம். இப்படிப்பட்ட காலை எண்ணெய் போட்டு அழுத்தி நீவினால் என்ன ஆகும்? விலகாமல் இருந்த எலும்பும் விலகும்.

மும்பை மறந்துவிட்ட பாடம்

கணுக்கால் காயத்தை அலட்சியமாகப் பார்த்தால் எதுவரை போகும் என்பதற்கு மும்பைக்காரர்கள் வெளியூரில் உதாரணம் தேட வேண்டியதில்லை. சுதா சந்திரனின் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கதையில் எதைப் பார்க்க வேண்டுமோ அதைப் பார்த்தவர்கள் குறைவு.

அன்றைய பம்பாயில் சிறு வயதிலிருந்தே பரதநாட்டியம் ஆடி வந்த சுதா, 1981 மே மாதம் தமிழ்நாட்டில் பெற்றோருடன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது விபத்து நேர்ந்தது. பஸ்ஸில் இருந்த மற்றவர்களோடு ஒப்பிட்டால் அவருக்குப் பட்ட அடி பெரிது அல்ல. வலது கால் முறிவு. கணுக்கால் அருகே ஒரு காயம். முதலில் பார்த்தவர்கள் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டுக்குள்ளே இருந்த காயத்தை யாரும் கவனிக்கவில்லை. உள்ளேயே சீழ் வைத்து, சதை அழுகி, சில வாரங்களில் முழங்காலுக்குக் கீழே காலையே எடுக்க வேண்டியதாயிற்று.

அதன் பிறகு நடந்ததைத்தான் ஊர் கொண்டாடுகிறது, கொண்டாடவும் வேண்டும். ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராமச்சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து 1968 வாக்கில் உருவாக்கிய செயற்கைக் கால், செருப்பில்லாமல் நடக்கவும், தரையில் உட்காரவும் தோதானது. சேத்திக்கு 1981-ல் மகசேசே விருது கிடைத்தது. அவரிடம் போய்ச் செயற்கைக் கால் பொருத்திக்கொண்ட சுதா, 1984 ஜனவரியில் பம்பாய் மேடையில் மீண்டும் ஆடினார். 1985-ல் தெலுங்கில் ‘மயூரி’, 1986-ல் இந்தியில் ‘நாச்சே மயூரி’ என்று அவர் கதை படமாயிற்று, அவரே நடித்தார்.

மன உறுதிக்கு எடுத்துக்காட்டாக இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். நல்லது. ஆனால் இது முதலாவதாக வைத்தியத்தில் நேர்ந்த தவறின் கதை. கட்டுப் போடுவதற்கு முன் காயத்தைக் கழுவிச் சுத்தம் செய்து, கட்டில் ஒரு ஜன்னல் வைத்துத் தினமும் பார்த்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு மன உறுதியைக் காட்ட வேண்டிய தேவையே வந்திருக்காதே! வலியைத் தாங்கிக்கொண்டு ஆடுவது வீரம் என்று சில பெற்றோரும் சில டீச்சர்களும் இதிலிருந்து கற்றுக்கொண்டிருப்பது வேதனை.

கட்டுப் போட்ட பிறகு வீட்டார் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். வலி குறையாமல் கூடிக்கொண்டே போவது, கால் விரல் நீலம் பாய்வது அல்லது வெளுத்துச் சில்லிடுவது, விரலை அசைக்க முடியாமை, மரத்துப் போவது, கட்டிலிருந்து நாற்றம், காய்ச்சல். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாது. இரவு இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டைப் பிரிக்கச் சொல்ல வேண்டும். இது மாவுக்கட்டுக்கு மட்டுமல்ல, மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் நாட்டுக் கட்டுக்கும் பொருந்தும்.

நாலு அடி நடக்க முடிகிறதா?

சுளுக்கா, முறிவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு ஒரு சுலபமான விதி இருக்கிறது. கனடாவின் ஒட்டாவா நகரில் 1992-ல் டாக்டர்கள் வகுத்தது. வேடிக்கை என்னவென்றால், அது எக்ஸ்ரேக்களைக் கூட்டுவதற்காக அல்ல, குறைப்பதற்காக ஏற்பட்ட விதி. கால் பிசகியவர்கள் எல்லோரையும் எக்ஸ்ரே எடுத்துச் செலவை ஏற்ற வேண்டாம், தேவையானவர்களுக்கு மட்டும் எடுக்கலாம் என்பதே அவர்கள் நோக்கம். எனவே, ‘டாக்டர்கள் காசு பிடுங்கச் சொல்லும் யோசனை’ என்று இதைத் தள்ளிவிட முடியாது.

கணுக்காலின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் புடைத்து நிற்கும் எலும்புகள் உண்டு. கணுக்கால் வலிக்கிற பிள்ளைக்கு, அந்த எலும்பின் நுனியிலோ, நுனியிலிருந்து மேலே மூன்று நாலு விரற்கடை வரை அதன் பின் விளிம்பிலோ விரலால் அழுத்தினால் வலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். சதையில் அல்ல, எலும்பின் மேல். அடுத்து, அடிபட்ட உடனேயும், டாக்டரிடம் வந்த பிறகும், நொண்டியாவது நாலு அடி வைக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். எலும்பில் வலி இருந்தாலோ, நாலு அடி வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே அவசியம். பாதத்தின் நடுப்பகுதி வலித்தால் இன்னும் இரண்டு இடங்கள்: வெளி விளிம்பின் நடுவே துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு ஒன்று, உள்பக்கம் பாதத்தின் வளைவுக்கு மேலே உள்ள எலும்பு மற்றொன்று. ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடமும் இந்த விதி நன்றாகவே பலிக்கிறது என்று பின்னால் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது: காலை ஊன்ற விடாமல் உட்கார வைத்து, தலையணை மேல் உயர்த்தி, துணியில் சுற்றிய பனிக்கட்டியைக் கால் மணி நேரம் வைத்து எடுப்பது. வெந்நீர் ஒத்தடமும் நீவுதலும் முதல் நாட்களில் வீக்கத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

பாதத்தின் வெளி விளிம்பு எலும்புக்கும் நாட்டியத்துக்கும் பழைய உறவு உண்டு. சுண்டுவிரலுக்குப் பின்னால் ஓடும் அந்த நீண்ட எலும்பின் அடிப்பகுதியில் ஏற்படும் முறிவுக்கு ‘ஜோன்ஸ் முறிவு’ என்று பெயர். ராபர்ட் ஜோன்ஸ் இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் பெயர் பெற்ற எலும்பு டாக்டர். அவர் ஒரு விருந்தில் ஆடிக்கொண்டிருந்தபோது பாதத்தின் வெளி விளிம்பில் மிதித்து, தம் எலும்பையே முறித்துக் கொண்டார்! அதைப் பற்றி 1902-ல் எழுதிய கட்டுரையால்தான் அந்த முறிவுக்கு அவர் பெயர் நின்றது. எதிலும் மோதாமல், வெறுமனே கால் புரண்டாலே எலும்பு முறியும் என்று எடுத்துக் காட்டியவர் அவர். “கீழே விழவே இல்லையே, எப்படி முறியும்?” என்று கேட்கிற பெற்றோருக்கு ஜோன்ஸின் கால் பதில் சொல்கிறது. அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு. கூட நாளாகும், ஆறு, எட்டு வாரம் காலை ஊன்றாமல் இருக்க வேண்டும், சில சமயம் திருகாணி போட்டு இறுக்க வேண்டும்.

படம் பொய் சொல்லுமா?

எக்ஸ்ரே எடுத்து “எலும்பு முறியவில்லை” என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது என்று நினைப்பதும் தவறு. வளர்ச்சித் தட்டு முறிவு முதல் படத்தில் தெரியாமல் போகலாம். ஓயாத சாதகத்தால் எலும்பில் மயிரிழை போல் விழும் விரிசல் இன்னும் மோசம். இரண்டு மூன்று வாரம் வரை எக்ஸ்ரேயில் முகமே காட்டாது. இது ஒரே நாளில் வருவது அல்ல. முதலில் வகுப்பு முடியும் நேரத்தில் வலி. பிறகு வகுப்பு நடுவிலேயே. கடைசியில் இரவில் படுத்தாலும் வலி. ஒரே இடத்தைத் தொட்டு “இங்கேதான்” என்று பிள்ளை விரல் வைத்துக் காட்டும். அப்படிக் காட்டினால், முதல் படம் சுத்தமாக இருந்தாலும், பத்துப் பதினைந்து நாளில் மறுபடியும் படம் எடுக்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் எம்.ஆர்.ஐ. வரை போக வேண்டும். அதுவரை ஆடக் கூடாது.

பரதத்தில் இந்த விரிசலுக்கு இடம் அதிகம். வெறுங்காலால் தரையை ஓங்கித் தட்டுகிற கலை இது. குதித்து மெட்டடவில் நுனிக்காலில் குதித்துக் குதிகாலை அடிக்கும்போது அதிர்ச்சி முழுவதும் கணுக்காலும் பாதமும் வாங்கிக்கொள்கின்றன. இடுப்பு போதிய அளவு விரியாத பிள்ளையை அரைமண்டியில் அமுக்கி உட்கார வைத்தால் பாதம் உள்பக்கம் சரிகிறது. சரிந்த பாதத்தோடு ஆயிரம் தடவை தட்டினால் எது தாங்கும்? மேல்நாட்டு பாலே ஆடுகிறவர்களுக்கு அடியில் இடைவெளி விட்ட மரத்தளம் போடுகிறார்கள். மும்பையில் சொசைட்டி ஹாலிலும், மொட்டை மாடியிலும், கான்கிரீட்டின் மேல் பதித்த ஓட்டிலும் வகுப்பு நடக்கிறது. இடம் கிடைப்பதே பெரும்பாடு என்பது உண்மைதான். ஆனால் ஒரு அறையில் மரப்பலகைத் தளம் போடுவது, அரங்கேற்றத்தில் மேடை ஜோடனைக்குச் செலவழிப்பதைவிடப் பயனுள்ளது என்று எந்தப் பெற்றோரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரங்கேற்றத்துக்கு மெலிய வேண்டும் என்று பெண்ணுக்குச் சோற்றைக் குறைக்கிறார்கள். வெயில் படாத வீடு, பால் குறைந்த உணவு, ஓயாத சாதகம் மூன்றும் சேர்ந்தால் எலும்பு வலுவிழக்கும். மாதவிலக்குத் தள்ளிப் போகிற நாட்டியப் பெண்ணுக்கு எலும்பு விரிசல் வந்தால், இரண்டையும் சேர்த்தே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கூச்சப்பட்டு ஒன்றை மறைத்தால் அரை வைத்தியம்தான் நடக்கும்.

கட்டுக்காரரும் கேஸ் பேப்பரும்

எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டு என்பது தமிழர்களின் நம்பிக்கை. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த புத்தூரின் பெயரை வைத்து ஊர் ஊராகக் கட்டுப் போடுகிறார்கள். மும்பையிலும் நாட்டுக் கட்டுக்காரர்கள் உண்டு. மராட்டியர்கள் ‘ஹாட்வைத்ய’ என்பார்கள். இவர்களையெல்லாம் ஏமாற்றுக்காரர்கள் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது நியாயம் அல்ல. விலகாத முறிவு அசையாமல் கட்டினால் யார் கட்டினாலும் கூடும். கட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமையும் இருப்பார், பத்து நிமிடத்தில் அனுப்பி விடுவார், கனிவாகப் பேசுவார். ஆனால் விலகிய முறிவு எது, வளர்ச்சித் தட்டு பிளந்தது எது என்று விரலால் தடவி மட்டும் சொல்ல யாராலும் முடியாது. இறுக்கிக் கட்டிய பத்தையால் ரத்த ஓட்டம் நின்று கால் அழுகியவர்கள் இந்தியாவின் பெரிய ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றுக்கும் வந்திருக்கிறார்கள். முறையாக எக்ஸ்ரே பார்த்த பிறகு யாரிடம் கட்டுவது என்பது வேறு பேச்சு. படமே பார்க்காமல் கட்டுவதுதான் ஆபத்து.

இன்னொரு காரணத்தையும் மறைக்கக் கூடாது. தாராவித் தொழிலாளிக்கு சயான் ஆஸ்பத்திரி நடந்து போகும் தூரம். ஆனால் காலையில் போய் வரிசையில் நின்று கேஸ் பேப்பர் எடுத்து, டாக்டரைப் பார்த்து, எக்ஸ்ரேக்கு இன்னொரு வரிசை நின்று, படத்தோடு மறுபடி டாக்டரைப் பார்ப்பதற்குள் பொழுது சாய்ந்து விடும். அன்றைய கூலி போச்சு. கட்டுக்காரர் கேட்கும் பணத்தைவிட இந்தக் கூலி இழப்புப் பெரிது. ஏழை கணக்குத் தெரியாமல் கட்டுக்காரரிடம் போவதில்லை. கணக்குப் பார்த்துத்தான் போகிறான். ஆகவே, “படிக்காதவர்கள்” என்று ஏசுவதைவிட, அடிபட்ட பிள்ளைகளை மாலையிலும் பார்க்க மாநகராட்சி ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்பதே முறை. அடிபட்ட அன்றே போனால் எந்த நேரத்திலும் அவசரப் பிரிவில் பார்ப்பார்கள் என்பதும் பலருக்குத் தெரியவில்லை. நாலு நாள் நீவிவிட்டுப் போகிறவர்களுக்குத்தான் காலை வரிசை!

ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளியின் பிள்ளைகளுக்கும் அந்த ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை உண்டு. ரயில்வே குமாஸ்தாவின் குடும்பத்துக்கு பைகுல்லாவில் ரயில்வே ஆஸ்பத்திரி இருக்கிறது. பரேலில் குழந்தைகளுக்கென்றே வாடியா ஆஸ்பத்திரி இருக்கிறது. ஹாஜி அலியில், கட்டுப் பிரித்த பிறகு காலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் பயிற்சிகளுக்காக 1955-லிருந்து மத்திய அரசின் மறுவாழ்வு நிலையம் இயங்குகிறது. இருப்பதைப் பயன்படுத்தாமல் இருப்பது யார் குற்றம்?

அரங்கேற்றத் தேதி ஓடிப் போகுமா?

சிகிச்சை எல்லாப் பிள்ளைக்கும் ஒன்று அல்ல. வெளிப்பக்க எலும்பின் வளர்ச்சித் தட்டில் விலகாத சிறு முறிவு என்றால் மாவுக்கட்டுகூட வேண்டாம். கழற்றி மாட்டும் பட்டையே போதும் என்கிற அளவுக்கு இன்றைய வைத்தியம் வந்திருக்கிறது. மூன்று, நாலு வாரத்தில் சரியாகும். உள்பக்கப் பெரிய எலும்பு முறிந்து மூட்டுக்குள் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் ஆபரேஷன் செய்து திருகாணி போட வேண்டியிருக்கும். அதன் பிறகும் ஒரு வருஷம் வரை அவ்வப்போது படம் எடுத்து, இரண்டு காலும் சமமாக வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். வலி நின்றதும் பெற்றோர் நிறுத்திவிடுவது இதைத்தான்.

கட்டுப் பிரித்த அன்றே சலங்கை கட்டக் கூடாது. பல வாரம் அசையாமல் இருந்த கணுக்கால் விறைத்திருக்கும். கெண்டைக்கால் சதை வற்றியிருக்கும். முதலில் கணுக்கால் முழுதும் மடங்க வேண்டும். பிறகு அடிபட்ட ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலைப் போலவே தடுமாறாமல் குதிகாலை உயர்த்தி இறக்க வேண்டும். அது வந்த பிறகு அரைமண்டி, பிறகு மெதுவான காலத்தில் தட்டடவு, பிறகு நாட்டடவு, குதிக்கிற அடவுகள் எல்லாவற்றுக்கும் கடைசி. அதுவரை பிள்ளை வகுப்புக்குப் போகாமல் இருக்க வேண்டியதில்லை. உட்கார்ந்தபடி அபிநயமும் ஜதியும் தாளமும் கற்றுக்கொள்ளலாம். இப்படிக் கற்றுக்கொடுக்கும் டீச்சர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் படிக்கும் பிள்ளைகள் வலியை மறைப்பதில்லை.

வலியை மறைக்கும் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்றால், தேதி மாறாது என்று வீட்டார் சொல்லிவிட்ட இடத்தில். ஹாலுக்குக் கட்டிய முன்பணம் போய்விடும், பக்கவாத்தியக்காரர்களுக்கு ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று, ஊரிலிருந்து உறவினர் வருகிறார்கள் என்று பேசுவதைக் கேட்டுக்கொண்டே அந்தப் பெண் பக்கத்து அறையில் காலைத் தடவிக்கொண்டிருக்கிறாள். பன்னிரண்டு வயதுப் பெண், தகப்பனாரின் கடனைத் தன் கணுக்காலில் சுமக்கிறாள். அவள் வாய் திறந்து “வலிக்கிறது” என்று சொல்வாளா?

இந்த இடத்தில் சபாக்கள் உதவ முடியும். நெருப்பில் எரிந்து 1990-லிருந்து மூடிக்கிடந்த சண்முகானந்தா ஹாலையே மீண்டும் எழுப்பி 1998-ல் திறந்து காட்டிய தென்னிந்தியர்களுக்கு, ஒரு சிறுமியின் அரங்கேற்றத்தை மூன்று மாதம் தள்ளி வைப்பது பெரிய காரியமா? எலும்பு டாக்டரின் சீட்டைக் காட்டினால், முன்பணத்தைப் பிடித்தம் செய்யாமல் வேறு தேதி தருவது என்று ஹால் வைத்திருக்கும் சங்கங்கள் ஒவ்வொன்றும் ஒரு விதி போடலாம். அதை விண்ணப்பப் படிவத்திலேயே தமிழில் அச்சடித்து வைத்தால், தேதி கேட்டு வருகிற தகப்பனாருக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். மாலையில் வீட்டில் மகளுக்கும் தெரிந்துவிடும்.